நீல ஏப்ரன், சிவப்பு ஏப்ரன்

"நீங்க எந்தப் பக்கத்து ஆளு?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

"இத்தனை வருஷமா என் மூஞ்சியப் பாத்துட்டு, இன்னிக்கு இப்படிக் கேக்குறீங்களே சார்," என்றாள் என் சித்தி.

"மூஞ்சியக் கேக்கல. ஏப்ரனக் கேக்குறேன்."

சித்தி குனிந்து பார்த்தாள். சிவப்பு. "ஐயோ, இது அவரோடது!"

சித்தி ஷூ தைப்பவள். அவளுடைய தொழிற்சாலையில் ஒரே கூரையின் கீழ் இரண்டு பெரிய விளையாட்டு பிராண்டுகளுக்கு வேலை நடக்கிறது. பழைய பிராண்டுக்கு நீல ஏப்ரன். அதை முந்தப் பார்க்கும் புதியதற்குச் சிவப்பு. சிவப்புக்கு ஆர்டர் பெருகப் பெருக, நடுவிலிருந்த பலகைத் தடுப்பு நீலத்தின் பக்கம் நகர்ந்துகொண்டே வந்தது. ஒருவர் மாடல் மற்றவர் கண்ணில் படக்கூடாது என்று வாசல்கூடத் தனித்தனி. சித்தி நீலம், சித்தப்பா சிவப்பில் பசை ஒட்டுகிறார். வீட்டில் இரண்டு ஏப்ரனும் ஒரே கொடியில் காயும். அன்று அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"உளவு பாக்குறீங்கன்னு சொல்லுவாங்க. புருஷன் பொண்டாட்டி ஆளுக்கொரு பக்கம் இருக்கறதே தப்பு. அவர் இருக்கட்டும், நீங்க வேலைய விட்டு நின்னுக்குங்க."

"நான் ஏன் நிக்கணும்?"

"வீட்டுல ரெண்டு பேரும் பேசிக்குவீங்கல்ல?"

"அவர் வாயத் தொறக்குறதே சாப்பிடத்தான் சார். சந்தேகம்னா எங்க கட்டிலுக்கு நடுவுலயும் ஒரு பலகைய அடிச்சுட்டுப் போங்க."

தையல் வரிசை முழுக்கச் சிரிப்பு. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. சித்தியின் மெஷினுக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"கொஞ்ச நாள் வீட்ல இரேன், வம்பு எதுக்கு?" என்றார் சித்தப்பா, அன்று ராத்திரி வீட்டில்.

"அவ்வளவு ஆசையா இருந்தா நீங்க இருங்க."

மறுநாள் நீல ஏப்ரனில் போய், ஓடாத மெஷின் முன் உட்கார்ந்தாள். பக்கத்து மெஷின்காரி தைத்துத் தள்ளியதை எடுத்து நூல் பிசிறு வெட்டினாள். எழுந்திருக்கச் சொன்னவர்களிடம், "வேலை நேரத்துல பேச்சுக் கொடுக்காதீங்க," என்றாள்.

அந்த வாரமே நீல பிராண்டின் அதிகாரி வெளிநாட்டிலிருந்து பார்வையிட வந்தார். அதே தொழிற்சாலையின் அலுவலகத்தில்தான் நானும் இருக்கிறேன்; அவருக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. தையல் பகுதிக்குள் நுழைந்ததும் சித்தி எழுந்து வந்து எங்கள் முன்னால் நின்றாள். மேற்பார்வையாளர் வேண்டாம் என்று என்னிடம் தலையாட்டினார். சித்தி அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"பாப்பா, நான் பேசப்போறத இவர்கிட்ட அப்படியே சொல்லு. நடுவுல தயவுசெஞ்சு, மன்னிக்கணும்னு நீயா எதையும் சேத்துடாத."