ஆடு தொடாத பாவு

கடல் எங்கள் வீட்டுக்கு ஒரு சிமெண்ட் சாக்கில் வந்தது. கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பெற்றோர் இல்லாததால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்து, சென்னையில் தாவரவியல் எம்.எஸ்சி. முடிக்கும் தறுவாயில் இருந்தார். கல்லூரியில் ராமேஸ்வரம் பக்கம் அழைத்துப்போன டூரில் மற்ற பையன்களெல்லாம் சங்கும் சோழிமாலையும் வாங்கிக்கொள்ள, மாமா மட்டும் சாக்கு நிறையக் காய்ந்த கடற்பாசி அள்ளி வந்திருந்தார். பார்க்கப் பழைய தேங்காய்நார்க் கயிறு மாதிரி இருந்தது. வீடு முழுக்கக் கருவாட்டுக் கடை வாசனை.

"படிக்கப் போனியா, மீன் பிடிக்கப் போனியா மச்சான்?" என்றார் அப்பா.

அப்பாவுக்கு அந்த வாரம் எதைப் பார்த்தாலும் எரிச்சல். காரணம் ஓர் ஆடு. சேலையின் நீளவாட்டு இழைகளைப் பாவு என்பார்கள். தறியில் ஏற்றும் முன் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சோற்றுக் கஞ்சி தடவி வெயிலில் காயவைக்க வேண்டும். தறிக்காரர்கள் நிறைந்த எங்கள் பிள்ளையார்பாளையத்தில் காலையில் சைக்கிள்கள் பாவுக்குக் குனிந்துதான் போகும். ஆடு குனியாது. கஞ்சி வாசனைக்கு வந்து நக்கும், நக்கியது போதாமல் மெல்லும். போன முறை கோடி வீட்டு ஆடு அப்படித்தான் ஒரு கல்யாணச் சேலைப் பாவின் ஓரத்தை மென்று சிக்கலாக்கிவிட்டது. பட்டு கொடுத்த முதலாளி, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு தறிக்காரரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மாமாவுக்கு இது துக்கச் செய்தியாகவே படவில்லை. கண் மின்னியது. அப்பாவிடம் திரும்பினார்.

"கடல்லயும் இதே பிரச்சினைதான் மாமா. மீனு மேயுது, முள்ளெலி மாதிரி ஒண்ணு மேயுது, நத்தை மேயுது. பாசி இன்னா பண்ணும்? ஓடவும் முடியாது, முட்டவும் கொம்பு இல்ல. அதனால தன்னையே கசப்பா சமைச்சுக்கும். தின்னவனுக்கு வாய் துவர்த்துப் போவும், வயித்துல செரிக்காது. அடுத்த தபா கிட்ட வரமாட்டான்."

"எப்பவுமே கசக்குமா மாமா?" என்று நான் கேட்டேன்.

"நல்ல கேள்வி பாப்பா! கசப்பு பண்ணவும் சத்து செலவாவுது இல்ல? அதனால சில பாசி கொஞ்சமா வெச்சுக்கினு சும்மா இருக்கும். யாரனா கடிச்சா அப்பறம் ஏத்தும்."

பாசியைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றைக் கஞ்சியில் கலந்தால் ஆடு பாவைத் தொடாது என்பது மாமாவின் திட்டம். அப்பா சிரித்தார். "வேப்பந்தழைய பாயசம் மாதிரி தின்ற ஆடு அது." இருந்தாலும் வேறு வழியும் தெரியவில்லை. மாமா சாற்றில் ஒரு கழிவு இழையை நனைத்துக் காயவைத்துக் காட்டினார். அரக்கு நிறம் துளியும் மாறவில்லை. அப்பா வெகுநேரம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"சரி மச்சான். இது உருப்படியா சேலையாச்சுன்னா நீ கடலுக்கே போயி ஆராய்ச்சி பண்ணு, நான் குறுக்க நிக்கல. கெட்டுதுன்னா படிப்பு போதும். ரெண்டாவது தறி சும்மாதான் இருக்குது, உக்காந்துக்க."

அடுப்பில் பாசி கொதித்துக்கொண்டிருந்தது, அம்மா அதைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தெருவே மூக்கைப் பிடித்தது. எஸ்.டி.டி. பூத் அண்ணன் வெளியே வந்து, "யாரு வூட்ல எறா கொழம்பு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பாவு வெயிலில் மினுங்கியது. ஆடு வந்தது. மாமா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆடு முகர்ந்தது, நாக்கை நீட்டி ஒரு முறை நக்கியது, தும்மியது. பிறகு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு எதிர்வீட்டுப் பூசணிக்கொடியை நோக்கிப் போயிற்று. மாமா நடுத்தெருவில் குதித்தார். ஆட்டை விரட்டியது கசப்பா, கவிச்சியா என்று இன்று எனக்குச் சந்தேகம் உண்டு. அன்று இல்லை.

காய்ந்ததும் நாற்றம் போய்விட்டது. பாவு மொடமொடவென்று நன்றாகவே இருந்தது. இனி அதைத் தறியில் பிணைக்க வேண்டும். தறியில் மிச்சமிருக்கும் பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. விரலை நாக்கில் தொட்டு, சாம்பலில் தொட்டு, இரண்டு நுனியையும் ஒரு திருகு. மறுபடி நாக்கு, சாம்பல், திருகு. பக்கத்து வீட்டுக்காரியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே அவள் விரல்கள் தானாக ஓடும்.

அந்தத் தடவை அம்மா பேசவில்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு விரலை அதில் தொட்டாள். ஆனால் பழகிய கை, நாலு இழைக்கு ஒரு முறை நாக்குக்கே போனது. அடிக்கடி எழுந்து பின்கட்டுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள். மதியம் சோறு வேண்டாம் என்றாள்.

"இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்றார் அப்பா.

"பல்லு வலி."

மாமா எட்டிப் பார்த்தார். "அக்கா, பாவு எப்பிடி இருக்குது?"

"அதுக்கு இன்னாப்பா, சோக்கா இருக்குது" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

அவள் பின்கட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து நான் ஓர் இழையை நக்கினேன். வாய் முழுவதும் சுருங்கிக்கொண்டது. பச்சை வாழைக்காயையும் கடுக்காயையும் சேர்த்துக் கடித்த மாதிரி. எனக்கோ ஆனந்தம்! வெயிலில் காய்ந்த பிறகும் கசப்பு அப்படியே நிற்கிறது. மாமாவின் ஆராய்ச்சிக்கு எவ்வளவு பெரிய சான்று! சொல்ல ஓடினேன். வாசல் தாண்டுவதற்குள் அம்மா பின்னலைப் பிடித்துவிட்டாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்து என் வாயில் திணித்தாள்.

"மாமாகிட்டயும் சொல்லாத, அப்பாகிட்டயும் சொல்லாத."

"ஏம்மா? கசக்குதே, நெசமாவே கசக்குதும்மா!"

"கசந்தா கசக்கட்டும். போயி வெளையாடு."

எங்கள் வீட்டில் அறிவியலுக்கு விரோதி யார் என்பது எனக்கு அன்று தெளிவாகிவிட்டது. வெல்லத்தைச் சப்பிக்கொண்டே வெகுநேரம் கோபமாக இருந்தேன்.

பிணைத்து முடித்தாள். சேலை குறையில்லாமல் வந்தது. முதலாளி ஒன்றும் பேசாமல் அடுத்த பாவுக்குப் பட்டுக் கொடுத்தார். அப்பா வார்த்தை தவறவில்லை. நாங்கள் எல்லோரும் மாமாவை பஸ் ஏற்றிவிடப் போனபோது ஸ்டாண்டில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "நம்ம மச்சான்பா, கடல்ல ஆராய்ச்சி பண்ணப் போறாரு" என்று எல்லாம் தன் யோசனை என்பதைப் போலச் சொன்னார். மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கடைசிவரை பேசிக்கொண்டே போனார்.

"பாத்தியாக்கா? ஆடே தொடல. உனக்குத்தான் எம்மேல நம்பிக்கையே இல்ல, சாறு காய்ச்சும்போது ஒரு வார்த்த பேசல நீ."

அம்மா சிரித்தாள். "எனக்கு இன்னாப்பா தெரியும் அதெல்லாம்" என்றாள்.

பல் வலி என்ன ஆயிற்று என்று அப்பா கேட்கவில்லை, மாமாவும் கேட்கவில்லை. கடைசி இழையை முறுக்கிய அன்றைக்கே அது சரியாகிவிட்டது என்பதை நான் மட்டும் கவனித்திருந்தேன். அம்மாவுக்கு நல்ல பல் என்று நினைத்துக்கொண்டேன்.