முடுக்காமல் விட்ட நட்டு

பட்டாசு கம்பெனியில் நான் போர்மேன். இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று, கொண்டையில் ஓர் இரும்பு ஊசி இருந்தால்கூட வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை எங்களிடம் வேலை பார்க்கும் முத்துமாரி அப்படித்தான் திரும்பிப் போனார்.

அந்த ஞாயிறு, ஆனைக்குட்டம் பொட்டலில் ரிமோட்டில் இயங்கும் என் குட்டி விமானத்தைப் பறக்கவிடப் போனேன். அதன் மூக்கில் இருந்த மர விசிறி மழைக்காலத்தில் மாட்டியது. எங்கள் ஊர் வெயிலுக்கு மரம் சுருங்கும். ஒவ்வொரு முறையும் நட்டை முடுக்கிவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். எனக்கு அது தெரியும். வெடிமருந்து இல்லாத பொருள்தானே என்று விட்டுவிட்டேன்.

என்ஜின் உறுமியது. விசிறிக்கு எதிரே குத்தவைத்து ரிமோட்டைக் கையில் எடுத்தேன்.

“அண்ணாச்சி! வெடிக்கு நேரா நிக்காதன்னு எங்களை அம்புட்டுத் திட்டுவீக. நீங்க மட்டும் அது மூஞ்சிக்கு நேரா உக்காந்திருக்கீக?”

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முத்துமாரிதான். அவர் வாயை அடைக்கவே எழுந்து, விமானத்துக்குப் பின்னால் போய் வேகத்தைக் கூட்டினேன்.

‘டப்’பென்றது. மூக்கில் விசிறியைக் காணோம். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீர் கேனில் அது பாதி இறங்கியிருந்தது. தண்ணீர் பீச்சியடித்தது.

“நட்டை முடுக்கலைம்மா” என்றேன்.

திங்கட்கிழமை வாசலில், நான் கேட்கும் முன்பே முத்துமாரி கொண்டையை அவிழ்த்துக் காட்டினார்.

“நட்டை முடுக்கிட்டீகளா, அண்ணாச்சி?”

நான் பதில் சொல்லும்வரை அவர் உள்ளே போகவில்லை.