ராசி எண்ணும் ஸ்விட்சும்

உசிலம்பட்டி கடலை மில்லில் எங்கள் முதல் மெஷின் ஓடத் தொடங்கிய அன்றே சிக்கல் வந்தது. கேமரா பருப்பின் நிறத்தைப் பார்க்க வேண்டும். பெல்ட்டின் முனையிலிருந்து கருப்புப் பருப்பு விழும்போது காற்றடித்து வெளியே தள்ள வேண்டும். காற்று தாமதமாக அடித்தது. கருப்பு தப்பியது, பின்னால் வந்த நல்ல பருப்பு பறந்தது.

மில்லுக்காரர் எங்கள் முதலாளி முருகேசனின் சொந்தக்காரர். "மாப்ள, நல்லதத் தள்ளுறதுக்கா மெஷினு? அதுக்கு நானே ஊதிருவேனே. அடுத்த சந்தைக்குள்ள சரி பண்ணு, இல்லேன்னா தூக்கிட்டுப் போயிரு" என்றார்.

தல்லாகுளம் அலுவலகத்தில் பெல்ட்டை மெதுவாக ஓட்டிச் சோதித்ததால் இது தெரியவில்லை. உடன் வேலை செய்யும் பாண்டி, "கணக்குப் போடுற போர்டுக்குத் தெம்பு பத்தலக்கா, பெருசா மாத்துவோம்" என்றான். புதிய போர்டு வருவதற்குள் சந்தை முடிந்துவிடும். யூகிப்பதை விட்டு, எங்கள் நிரலை ப்ராசஸருக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் உருவாக்கிய அசெம்பிளியைத் திறந்தேன்.

கேமரா படத்தில் ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் ஓர் எண். அதைப் பார்த்து அடுத்த வேலையைத் தேர்வது நிரலில் ஸ்விட்ச் எனும் பகுதி. எண்கள் அடுத்தடுத்து இருந்தால் எங்கள் கம்பைலர் ஓர் அட்டவணை அமைக்கும். ப்ராசஸர் ஒரே தாவலில் உரிய இடத்துக்குப் போய்விடும். ஆனால் முருகேசன் ராசி பார்த்து, இலக்கங்களின் கூட்டுத்தொகை ஐந்து வரும் எண்களையே கொடுத்திருந்தார்: 5, 14, 23 என்று தொடங்கி 500 வரை. இடைவெளி அதிகமானதால் கம்பைலர் அட்டவணையைக் கைவிட்டு, ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுக்கொண்டு போனது. கருப்பு கடைசி. ஒரு புள்ளிக்கு அற்ப நேரம்தான். படத்தின் எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்ந்தபோது பருப்பு விழுந்தே விட்டது.

"அண்ணே, ஒண்ணு, ரெண்டுன்னு வரிசையாப் போட்டா போதும்" என்றேன்.

"அப்ப எட்டு வருமே ஸ்டெல்லாம்மா! கார் நம்பரக்கூட எட்டு இல்லாமப் பாத்து வாங்குனவன் நானு."

"எட்ட மட்டும் விட்டுருவோம்ணே. ஒரு ஓட்டைக்கெல்லாம் கம்பைலர் கோவிக்காது" என்றான் பாண்டி.

முருகேசன் யோசித்தார். "வேணாம். கருப்புக்கு எட்டக் குடுங்க. சனியன் அதோட வெளிய போகட்டும்."

எண்களை வரிசையாக மாற்றி, சந்தைக்கு முந்தின நாள் மில்லில் பெல்ட்டை முழு வேகத்தில் விட்டோம். கருப்பு மட்டும் கழிவுத் தட்டில் விழுந்தது. மில்லுக்காரர் நல்ல பருப்பில் ஒரு பிடி அள்ளிப் புரட்டிப் பார்த்துவிட்டு, பாண்டியின் கையில் திணித்தார். "தின்னுய்யா. மாப்ள, இன்னொண்ணு போடு."

எப்போதாவது ஓடும் இடத்தில் இடைவெளியுள்ள ஸ்விட்சால் நஷ்டமில்லை. ஓயாமல் ஓடும் இடத்தில்தான் கம்பைலர் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். போர்டைக் குறை சொல்வது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது மெஷினுக்கு நிற எண்களைக் கேட்டேன். "எட்டு கருப்புக்குத்தேன்" என்றார் முருகேசன். "மத்ததெல்லாம் ஒங்க கம்பைலருக்கு எது ராசியோ, அதப் போடுங்க."