கலப்பத்து பார்த்த துப்பாக்கி

எங்கள் வீட்டுக்காரருக்குத் துப்பாக்கி ஆசை இருந்ததாக ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அவர் பல்லிக்கே ஒதுங்கி வழிவிடுகிறவர். ஆசை இருந்தது எனக்கு. அதுவும் துப்பாக்கி மேல் இல்லை, பன்றிகளைத் தொலைத்துக் கட்டுவதில்.

காட்டூரில் பழவேற்காடு ஏரிப் பக்கம் கடைசியாக இருக்கிற வயல் என்னுடையது. கல்யாணத்தின்போது அம்மா எழுதிக் கொடுத்தது. அதைத் தாண்டினால் உவர் நிலம், அப்புறம் தண்ணீர். தொடர்ந்து இரண்டு போகம் காட்டுப்பன்றிகள் வந்து, கதிரில் பால் பிடிக்கிற நேரம் பார்த்து வயலைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தன. பக்கத்து வயல் என் கணவரின் அண்ணனுடையது. அவர் தன் வயலை இறால் குட்டையாக வெட்ட முடிவு செய்திருந்தார். என்னுடையதும் சேர்ந்தால்தான் குட்டை சதுரமாக அமையுமாம். உப்புத் தண்ணீரை ஒருமுறை உள்ளே விட்டால் பிறகு அந்த மண்ணில் நெல் என்ற பேச்சே கிடையாது. தர மாட்டேன் என்று இவர் மூலம் சொல்லி அனுப்பினேன். குடும்பம் கூடிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது. இந்தப் போகம் நெல் வீட்டுக்கு வந்தால் வயல் வயலாகவே இருக்கும். வராவிட்டால் இறாலுக்குப் போகும். பன்றிகளை யாரும் கலந்து கொள்ளவில்லை.

துப்பாக்கி பொன்னேரியில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. அந்த வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் மலைக்காடுகளில் வேட்டையாடியவராம். அவர் இறந்த பிறகு அவர் மனைவி அதைக் கிழிந்த கொசுவலையில் சுற்றி, உடைந்த தொட்டிலோடு போட்டு வைத்திருந்தார். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமம் கேட்டு அலைந்ததில் என் கணவரின் செருப்பு தேய்ந்தது. விசாரணைக்கு வந்தவர் வாசலில் நின்றுகொண்டு, யாரோடாவது பகை உண்டா என்று கேட்டார்.

"உண்டுங்க, பன்னியோட" என்றார் இவர். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்னால் இருக்கிற தாழை மேலே தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டிய பழைய மாதிரி ரைஃபிள் அது. கதவுத் தாழ்ப்பாள் போட்டுப் பழகிய யாருக்கும் புரிந்துவிடும். ஆனால் இந்தத் தாழ் இழுத்தாலும் வரவில்லை, திட்டினாலும் வரவில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். என் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் காலி செய்தார். கடைசியில் ஒரு நாள் மத்தியானம் அது கழன்று வந்தபோது, இவர் மல்லாக்க விழுந்து கையை உயரத் தூக்கிக் காட்டினார். குடைக் கம்பியில் என் பழைய ரவிக்கைத் துணியைச் சுற்றி, குழலைத் துடைத்துத் துடைத்து, வெளிச்சத்தில் கண் வைத்துப் பார்ப்பார். "உள்ள வரி எப்படிச் சுத்திக்கினு போவுது பாரு" என்று என்னையும் பார்க்கச் சொல்வார். எனக்கு வட்டமாகக் கொஞ்சம் வானம் தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். அந்த நாட்களில் அவர் சந்தோஷமாக இருந்தார், எனக்கும் அது பிடித்திருந்தது.

மரக்கட்டை மட்டும் கைப்பிடிக்குப் பின்னால் நீளமாகப் பிளந்திருந்தது. பழவேற்காட்டில் படகு கட்டும் ஆசாரியிடம் எடுத்துப் போனோம். ஒல்லாந்தர் கல்லறை மதிலை ஒட்டி நிழலில் வேலை செய்துகொண்டிருந்தார். துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்து, "டச்சுக்காரன்துதானே நைனா?" என்றார். பழவேற்காட்டில் பழையதாக எது கிடைத்தாலும் அதை ஒல்லாந்தர் தலையில் கட்டிவிடுவார்கள். இல்லை என்றதும் அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

படகில் பலகைக்கும் பலகைக்கும் இடையே பஞ்சுத்திரி திணித்து, காய்ச்சிய குங்கிலியத்தை ஊற்றி அடைப்பார்கள். கலப்பத்து பார்ப்பது என்று அதற்குப் பெயர். ஆசாரி துப்பாக்கிக்கும் கலப்பத்து பார்த்தார். பிளவு இருந்த இடமே தெரியவில்லை. வேலை சுத்தம். அதோடு விட்டாரா? உப்புக் காற்றில் கிடக்கிற எதற்கும் சுறா எண்ணெய்தான் என்று சொல்லி, கட்டை, குழல், தாழ் எல்லாவற்றுக்கும் இரண்டு கை பூசி, வெயிலில் காய வைத்துக் கொடுத்தார்.

சுறா எண்ணெய் பூசிய படகு கடலில் இருக்கும். சுறா எண்ணெய் பூசிய துப்பாக்கி எங்கள் வீட்டுக்குள் இருந்தது. தெருவிலுள்ள பூனைகள் எல்லாம் எங்கள் வாசலில் குடியேறின. மாட்டுக் கொட்டகைக்கு மாற்றினோம். மாடு தீனி எடுக்க மறுத்தது. கண்ணை வைத்துக் குழலைப் பார்ப்பதையும் என் கணவர் நிறுத்திவிட்டார். கண்ணை வைத்தால் மூக்கும் கூடவே வருகிறதே.

கதிரில் பால் பிடிக்க ஆரம்பித்தது. சரியாக அப்போது பார்த்துத் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும், எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பன்னி ஓட்டா போடப் போவுது?" என்று கத்தினேன். "நாளைக்குத்தானே குடுக்கணும்? இன்னிக்குப் போய் ஒண்ணையாவது சுட்டுட்டு வாங்க. ஒண்ணு விழுந்தா மத்ததெல்லாம் இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது."

தோட்டாக்களை எண்ணெய் படாமல் அரிசிப் பானையில் வைத்திருந்தேன். நானே எடுத்துக் கொடுத்தேன். பொழுது சாயும் நேரத்துக்கு வரப்பில் போய் உட்கார்ந்தார். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டார். சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"இன்னா ஆச்சு?"

"அதுங்க வந்துச்சி. தின்னுச்சி. நான் பாத்துக்கினு இருந்தேன்."

வெயிலில் காய்ந்த எண்ணெய் பிசினாக இறுகி, தாழ் பாதியில் நின்றுவிட்டதாம். எவ்வளவு தள்ளியும் முழுசாக மூடவில்லை. தோட்டாவைத் திரும்ப எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது என்றார். நான் அன்றைக்கு அவர் தட்டில் சோற்றைக் கொட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனவர் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். நான் அடுப்பில் குழம்பைக் கூட்டிக்கொண்டிருந்தேன். துப்பாக்கியை வாங்கிக்கொண்ட ஏட்டு முதலில் மூக்கைப் பொத்தினாராம். பிறகு குழலுக்குள் கம்பியை விட்டாராம். கம்பி ஒரு விரல் ஆழத்தில் முட்டி நின்றதாம். குடைந்து எடுத்தால், பஞ்சும் குங்கிலியமும் கெட்டித்துக் கல்லாக வந்ததாம். ஓட்டை எங்கே இருந்தாலும் தண்ணீர் புகும் என்பது ஆசாரியின் கணக்கு. வெளியே தெரியாமல் பாங்காக அடைத்திருக்கிறார்.

"ஏட்டு இன்னா சொன்னார் தெரியுமா? 'சுட்டிருந்தா பன்னிக்கு ஒண்ணும் ஆயிருக்காது, குழாய் வெடிச்சி உனக்கு மூஞ்சி இருந்திருக்காது'ன்றாரு." சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்டியைக் கீழே வைத்தேன். தோட்டாவை எடுத்துக் கொடுத்ததே நான்தான். அவர் எதிரிலேயே ஓவென்று அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய், துப்பாக்கி பத்திரமாக இருக்கிறது, தேர்தல் முடிந்ததும் தந்துவிடுவார்கள் என்று என்னைத் தேற்றினார். இப்படிப்பட்ட மனிதர்.

விடிந்ததும் இரண்டு அரிவாளை எடுத்தேன். "வாங்க, அறுக்கலாம்" என்றேன்.

"பச்சையா கீதே. இப்பத்தானே பால் இறுகுது?"

"இறுகின வரைக்கும் போதும். பன்னி திங்கிறதுக்கு மின்னாடி நாம எடுத்துடலாம். அவலாவது இடிக்கலாம்."

ஆள் வைக்கவில்லை. பச்சைப் பயிரை அறுக்கக் கூப்பிட்டால் எங்களுக்குப் பைத்தியம் என்பார்கள். இருவருமே அறுத்தோம். உச்சி வெயிலுக்குக் கணவரின் அண்ணன் வரப்பில் வந்து நின்றார். அவர் எதிரில் நான் அதுவரை நிமிர்ந்து பேசியதில்லை. கட்டி வைத்திருந்த பச்சைக் கட்டுகளைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"இது இன்னா அறுப்பு? இதுக்குப் பேரு நெல்லா?"

"நெல்லு வூட்டுக்கு வந்தா போதும்னு நீங்கதானே சொன்னீங்க மாமா. பழுத்த நெல்லுனு சொல்லலியே."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி மும்முரமாக அறுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் திரும்பி நடந்தார். பேச்சு மாறுகிறவர் இல்லை, அந்த மட்டும் நல்லவர். அவருடைய குட்டை இன்றைக்கும் ஒரு மூலை குறைவாகத்தான் இருக்கிறது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் காலையும் அவல், இரவும் அவல்.

அன்றைக்கு அண்ணன் போன பிறகும் அறுப்பு ஓயவில்லை. என்னால்தான் வேலையில் கண்ணை வைக்க முடியவில்லை. நாலு பிடி அறுப்பேன், நிமிர்ந்து என் கணவரைப் பார்ப்பேன். மூக்கு நுனியில் வியர்வை, கன்னத்தில் ஒட்டிய நெல் தாள், எடுக்காத தாடி. மறுபடி குனிவேன், மறுபடி நிமிர்வேன். கடைசியில் அவர் அரிவாளை நிறுத்தினார்.

"இன்னா அப்பப்போ என் மூஞ்சியைப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல" என்றேன். "இருக்குதானு பாத்தேன்."