லீக்கைப் போல் இருமடங்கு

ஒரகடம் கம்பெனிகளின் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து லீக்கில் ரங்கநாத்தின் பேட்டிங் சராசரி முப்பத்தைந்து. லீக்கில் ஆடும் அத்தனை பேருக்கும் சேர்த்துச் சராசரி பதினேழரை. சாதாரண மனிதர் இருவரைச் சேர்த்துத் தைத்தால் ஒரு ரங்கநாத். இதை அவர் வாயால் கேட்காதவர் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் யாருமில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் கோயில் கைங்கர்யக் குடும்பம். பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். அடுத்தவர் செய்ததை நிராகரிப்பதற்குச் சம்பளம்.

சராசரி என்பது எடுத்த ரன்னை அவுட்டான தடவையால் வகுப்பது. எத்தனை தடவை ஆடினாய் என்று அது கேட்பதில்லை. ரங்கநாத் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். ஆறு சீசனில் அறுபது தடவை இறங்கி 420 ரன். அவுட்டானது பன்னிரண்டே முறை. பத்து ஓவர் ஆட்டத்தில் கடைசி இரண்டு ஓவருக்கு வருவார், தட்டுவார், நாட் அவுட்டாகத் திரும்புவார். வேகப்பந்து வீச்சாளர் வந்தால் தொடையைப் பிடித்துக்கொண்டு காயம் என்று வெளியேறுவார். அதற்கும் அவுட் கணக்கு கிடையாது. சற்று நேரத்தில் பஜ்ஜிக் கடைக்கு ஓடுவார்.

முப்பத்தொன்பது வயதில், இறுதிப் போட்டியோடு விடைபெற முடிவு செய்தார். சுங்குவார்சத்திரத்தில் தன் செலவிலேயே ஒரு ஷீல்டு செய்யச் சொல்லி வாங்கிக் காரில் வைத்திருந்தார்: ‘லீக் சராசரியைப் போல் இருமடங்கு. வழங்குவோர்: சக வீரர்கள்.’ அன்று அவுட்டாகாமல் திரும்பினால் போதும். கோப்பை யாருக்குப் போனால் என்ன?

அன்று பார்த்து விக்கெட்டுகள் சரிந்து ஐந்தாவது ஓவரிலேயே அவர் இறங்க வேண்டியதாயிற்று. எதிர்முனையில் திருநெல்வேலிக்காரன் உச்சிமாகாளி, அசெம்பிளி லைன் தொழிலாளி; அடித்தால் பந்து பக்கத்துக் கம்பெனிக்குள் விழும். ஒரு பந்தைத் தட்டிவிட்டு ஓடி வந்தான். ரங்கநாத் கிரீஸ் கோட்டை விட்டு அசையவில்லை. உச்சிமாகாளி ரன் அவுட்.

“பாதி தூரம் வந்துட்டம்லா சார்! சாமி பொறப்பாடு பாக்க மாதிரி நிக்கீய?”

“அவசரப்படாதப்பா. விக்கெட் முக்கியம்.”

“யார் விக்கெட்டு சார்?”

நியாயமான கேள்விதான். ரங்கநாத் கையுறையைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்து வந்தவர்களையும், ஆறு வருஷப் பழக்கப்படி, இப்படியே வழியனுப்பினார். பத்தாவது விக்கெட் விழுந்ததும், தான் மட்டும் நாட் அவுட் என்ற நிம்மதியில் ஷாமியானாவை நோக்கி நடந்தார். அம்பயர் டில்லிபாபு கையை நீட்டி மறித்தார்.

“எங்க சார் கெளம்பிட்ட? லாஸ்ட் மேன் பேட்டிங் கீது. தனியா ஆடு.”

தெரு ஆட்டத்திலிருந்து வந்த வழக்கம்: பத்துப் பேர் போனாலும் மிஞ்சியவர் தனியாக ஆட வேண்டும். எப்போதும் ஓவர் முதலில் தீர்ந்துவிடும் என்பதால், ஆறு வருஷமாக இந்த விதியை அவர் சந்தித்ததே இல்லை. உடனே தொடையைப் பிடித்துக்கொண்டார்.

“தசை பிடிச்சிடுத்து டில்லிபாபு. காயம்னு போட்டுக்கோங்க.”

“காயம்னா உன் எடத்துக்கு ஆளு வரணும் சார். அல்லாரையும் நீதான அனுப்சிட்ட? போனா அவுட்டுதான்.”

ரங்கநாத் திரும்பி வந்தார். நேராக வந்த முதல் பந்திலேயே நடு ஸ்டம்ப் பறந்தது. அன்றைய வரவு மூன்று ரன். சராசரி முப்பத்திரண்டரைக்கு இறங்கியது, அணியும் தோற்றது. ஷீல்டு பொய்யாகிப் போனது.

தோல்விக்காக யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. அந்த நடு ஸ்டம்பைப் பற்றித் தொழிலாளர் விடுதியில் அறை அறையாகப் பேசிச் சிரித்தார்கள்.

ஆனால் குவாலிட்டிக்காரர் ஒன்று தேறவில்லையென்றால் அளவுகோலை மாற்றத் தெரிந்தவர். வீட்டில் உட்கார்ந்து சொந்த அணியின் ஆறு சீசன் சராசரியைப் போட்டுப் பார்த்தார்: பத்தே முக்கால். மறுநாளே ஷீல்டு சுங்குவார்சத்திரம் போய்த் திருந்தி வந்தது: ‘அணியின் சராசரியைப் போல் மும்மடங்கு.’

அணியை அந்தப் பத்தே முக்காலுக்கு இறக்க அவர் பட்ட பாட்டைப் பொறிக்கத்தான் ஷீல்டில் இடமில்லை.