மஞ்சள் துணியில் ஓர் எண்

நான் கம்பத்தில் பரோட்டா மாஸ்டர். இந்த வேலைக்குத்தான் இங்கிலாந்துக்கும் போனேன். அங்கே ஒரு நாள், மதிய வியாபாரம் முடிந்து பேருந்துக்கு நின்றபோது இரண்டு பேர் என் போனைப் பிடுங்க வந்தார்கள். ஒருவன் கையில் கத்தி. பேசாமல் கொடுத்திருக்கலாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இடது கையை நீட்டித் தடுத்தேன். உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. போன் தப்பியது. மோதிர விரலும் சுண்டு விரலும் அதன்பிறகு மடங்கவில்லை.

பரோட்டா வீச பத்து விரலும் வேண்டும். நான் எட்டோடு ஊர் திரும்பினேன்.

வந்த வாரமே என் மனைவி என்னைச் சுருளிக்கு அழைத்துப் போனாள். அருவியில் குளித்ததும், ரத்தக்கறை போகாத என் ஜாக்கெட்டைக் கொடுத்துத் தண்ணீரோடு விடச் சொன்னாள். பீடை தொலையட்டும் என்று துணியை விடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வாங்க" என்றாள்.

அப்படியே வந்தேன். ஜாக்கெட்டின் உள்பையில் போலீஸ் வழக்கு எண் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. அதுவும் போய்விட்டது.

ஒன்றரை வருடம் கழித்து, அங்கே என்னோடு வேலை பார்த்த நண்பர் போனில் ஒரு விஷயம் சொன்னார். இப்படி வன்முறையில் காயம்பட்டவர்களுக்கு அந்த நாட்டு அரசே இழப்பீடு தருமாம். ஊர் திரும்பியவர்களும் கேட்கலாம், ஆனால் காயம்பட்டு இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும். இன்னோர் ஆபரேஷன் செய்தால் விரல்கள் மடங்கும் என்று மதுரை டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். காசில்லாமல்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஓர் அக்காவிடம் ஓடினேன். விண்ணப்பத்தில் போலீஸ் வழக்கு எண் கேட்டிருந்தது. அந்த ஊர்ப் போலீசுக்கு மெயில் அனுப்பினோம். என் பெயரில் புகாரே இல்லை என்று பதில் வந்தது. என் பெயரும் அப்பா பெயரும் அவர்கள் பதிவில் இடம் மாறி ஏறியிருந்தது பிறகுதான் தெரிந்தது. எண்ணைச் சொன்னால் தேடித் தருவதாகச் சொன்னார்கள்.

அந்த எரிச்சலையெல்லாம் மனைவி மேல் கொட்டினேன். உன் சுருளித் தண்ணீர் என் பிழைப்பையே அடித்துக்கொண்டு போய்விட்டது என்று குத்திக் காட்டினேன். ஜாக்கெட் ஜாக்கெட் என்று மாதக்கணக்கில் கத்தினேனே தவிர, அதற்குள் என்ன இருந்தது என்று ஒரு நாளும் அவளிடம் சொல்லவில்லை. ஏதோ விலை உயர்ந்த ஜாக்கெட் போலிருக்கிறது என்று அவளும் வாய் திறக்காமல் இருந்தாள்.

கெடு முடிய இரண்டு வாரம் இருந்தது. அன்று அவளும் என்னோடு கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தாள். என் புலம்பலைக் கேட்டு அந்த அக்காவுக்கே அலுத்துவிட்டது.

"சட்டையா கேக்குறாக? போலீஸ் நம்பர் ஒண்ணு இருந்தாப் போதும் தம்பி."

மனைவி என்னைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியில இருந்து போன்ல சொன்னீகளே, அந்த நம்பரா? அது ஆத்தாகிட்ட இருக்கு."

காயம்பட்ட அன்று, ஊசி மருந்து மயக்கத்தில், சீட்டு தொலைந்துவிடும் என்று பயந்து அவளிடம் போனில் எண்ணைப் படித்துக் காட்டியிருக்கிறேன். எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அவள் அதைக் காலண்டர் தாளில் எழுதி, ஒரு ரூபாய்க் காசோடு மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்துவிட்டாள். என் கை சரியானால் வீரபாண்டி மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டுதல்.

"காசோட நம்பரை எதுக்கு முடிஞ்ச?"

"அம்புட்டுத் தூரத்துல கெடந்தீக. எந்த ஆள்னு ஆத்தாளுக்கு அடையாளம் தெரியணும்ல?"

வேண்டுதல் நிறைவேறும் முன் முடிச்சை அவிழ்க்கக் கூடாது. வீட்டுக்கு வந்தும் அவிழ் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளேதான் விளக்கேற்றினாள். "கோவிச்சுக்கிராத ஆத்தா, எழுதிக்கிட்டுத் திரும்பக் கட்டிருறேன்" என்று அவிழ்த்தாள். தாளெல்லாம் மஞ்சள் கறை, எண் மட்டும் தெளிவாக இருந்தது. நான் அழுதுவிட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "மொதல்ல எழுதுங்க" என்றாள்.

எழுதியதும் திரும்ப முடிச்சுப் போடலாம் என்று துணியை வாங்கினேன். மூன்று முறை முயன்றும் முனை நழுவியது. அவள்தான் கட்டினாள்.

விண்ணப்பம் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. இழுத்தடித்து ஒருவழியாக அங்கிருந்து கடிதம் வந்தது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் என்று என்னை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் எவனோடு வம்பிழுத்தானோ என்று ஊரில் பேசியதை நானே பாதி நம்பத் தொடங்கியிருந்தேன். அந்த ஒரு வரிக்காகவே கடிதத்தை அக்காவை நான்கு முறை படிக்கச் சொன்னேன். பணம் ஆபரேஷனுக்குப் போதுமானதாக இருந்தது. மதுரையில் செய்துகொண்டேன்.

போன சித்திரையில் அவள் தீச்சட்டி எடுத்தாள். காசை உண்டியலில் போடும் முன் மஞ்சள் துணியை என்னிடம் நீட்டினாள். என் சுண்டு விரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை, நேரம் பிடித்தது. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள்.

"செத்த பொறுங்க, அவுகளே அவுக்கட்டும்" என்றாள் அவர்களிடம்.

அவிழ்த்தேன்.