கடைசிப் படத்தில் எங்கள் மலைச்சரிவு

கோவையில் நடந்த நிலவியல் மாநாட்டில் ஓர் அமர்வுக்கு நான் தலைமை. மண்சரிவை ஆராயும் ஜப்பானியர் ஒருவர் பேசினார். அவருடைய ஆங்கிலம் எங்களில் யாருக்கும் பிடிபடவில்லை. கடைசிப் படத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முந்தின நாள் எல்லோரையும் வேனில் கூட்டிப்போய்க் காட்டிய ஆனைமலைப் பக்கத்துச் சரிவு அது. அங்கிருந்த வீடுகளுக்கு மேலே சிவப்புக் கோடு ஒன்று போட்டிருந்தார். அதைக் காட்டி ஏதோ சொன்னார். மறுபடியும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். புரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். வந்த விருந்தாளியைச் சபையில் திணற வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் மரியாதை. பாழாய்ப்போன மரியாதை. அருமையான உரை என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் மைக்கை விட்டு நகராமல் நின்றார். நான்தான் தோளைத் தொட்டுச் சாப்பிட அழைத்துப்போனேன்.

மழை பிடித்ததும் மனசு கேட்காமல் அங்கே போனேன். அவர் கோடு போட்ட இடத்தில் நிலம் பிளந்திருந்தது. கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போனது.

கீழே முதல் வீட்டில் இருந்த அம்மாவிடம் நீரழுத்தம், சரிவுக் கோணம், மண்ணின் பிடிமானம் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"சரிங்க சார். இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க" என்று தலையாட்டினார்.

அவருக்குப் பின்னால், சுவரடியில், செம்மண் நீர் கசிந்துகொண்டிருந்தது.